மூன்றாம் ஆண்டு ரொட்டி

ஐந்து நாளாகப் பட்டினி கிடந்த தொட்டியில் வாயு ஏறிக்கொண்டே போனதுதான் செனோபியாவுக்கு உறுத்தியது. கொச்சபாம்பா ஊருக்கு வெளியே இருந்த கழிவுநீர் நிலையத்தில் ஒன்பது வருஷமாக அந்தத் தொட்டியைக் கவனித்துக்கொள்பவள் அவள். வெறும் சாக்கடைக் கசடைப் போட்டால் அது ஏதோ பேருக்கு மீத்தேன் கொடுக்கும். சந்தையிலிருந்து வரும் உருளைக்கிழங்குத் தோலையும் மீந்த சூப்பையும் அரைத்துச் சேர்த்தால் இரண்டு பங்கு கொடுக்கும். இறந்தவர் திருநாள் முடிந்து வண்டி வண்டியாக வந்த படையல் மிச்சத்தை ஒரேயடியாகத் தின்றுவிட்டு நுரை தள்ளியதால், கசடு, கழிவு இரண்டையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அக்கா, உன் மவராசி இன்னைக்கும் ஏறித்தான் நிக்கிறா," என்று வாக்கிடாக்கியில் சிரித்தான் எலோய். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்ப்பது அவன் வேலை. "ஒண்ணுமே போடாம இம்புட்டு வாயுவா? யாரோ திருட்டுத்தனமா ஊட்டுறாங்க போல."

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா," என்றாள்.

ஊட்டியது அவள்தான்.

மகள் நீல்டா எட்டு மாதக் குழந்தையாகவே காய்ச்சலில் போனவள். திருநாளன்று இறந்தவர்களுக்கு மூன்று வருஷம் மேசை போட்டுப் படைப்பார்கள். குழந்தை உருவத்தில் ரொட்டி சுட்டு, சுண்ணாம்பில் செய்த சின்ன முகத்தைப் பதித்து வைப்பார்கள். ஜெபம் சொல்ல வருகிறவர்கள் அதைப் பிட்டுத் தின்றுவிட்டால் அந்த உயிர் நிம்மதியாகத் திரும்பிப் போகும். மூன்றாவது வருஷம் போனால் போனதுதான், பிறகு வராது. இது மூன்றாவது வருஷம். ஜெபக்காரர்களிடம் குழந்தை ரொட்டி கருகிவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னாள் செனோபியா. பிள்ளையை ஒரேயடியாக அனுப்பிவைக்க எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?

ஒளித்துவைத்த ரொட்டி மூன்றே நாளில் பூசணம் பிடித்தது. தின்னவும் முடியவில்லை, நாய்க்குப் போடவும் கை வரவில்லை. தீனியை நிறுத்திய அன்றைக்கு, அரவை இயந்திரத்தில் போடப் பயந்து, பக்கவாட்டுக் குழாய் வழியாக முழுசாகவே தொட்டிக்குள் இறக்கிவிட்டாள். போய் வா என்று மட்டும் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் இரும்புப் படியேறித் தொட்டியின் கூரைக்குப் போனாள். வழக்கமாக அங்கே மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் இன்று இல்லை. அதற்குப் பதிலாகச் சோம்பு போட்ட ரொட்டி வாசனையும், அதற்கு அடியில் எண்ணெய் தேய்த்த பிஞ்சுத் தலையின் வாசனையும், புளித்த பாலின் வாசனையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து வந்தன. கலக்கும் இயந்திரம் ஓடவில்லை, இருந்தும் பாதத்துக்குக் கீழே ஏதோ சத்தம் கேட்டது. இரண்டு உறிஞ்சல், ஒரு விழுங்கல், மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். திரும்பவும் இரண்டு உறிஞ்சல்.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். எட்டு மாதம் மடியில் வைத்துக் கேட்டது.

மார்பு கனத்தது. குனிந்து பார்த்தாள். சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பால் சுரந்திருந்தது. பயமாக இருந்தது. அதைவிட, வெட்கமில்லாமல், சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, அழுத்தம் எகிறுது! கீழ இறங்கு!"

"குழந்தை பசியா இருக்குடா."

"என்னது? எந்தக் குழந்தை? அக்கா, மூடியத் தொட்டுறாத! அந்த வாயுவ ஒரு மூச்சு இழுத்தா ஆளே காலி, உனக்குத் தெரியாததா?"

தெரியும். ஒன்பது வருஷமாகப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

மூடிக்கு எட்டு போல்ட். முதலாவது கழன்றது. இரண்டாவது. மூன்றாவதில் கை வழுக்கியது. சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு கழற்றினாள்.

உறிஞ்சும் சத்தம் நின்றது.

மூடியின் நடுவில் உள்ளே பார்க்க வட்டக் கண்ணாடி. அதன் மறுபுறம் பழுப்பு நுரை. நுரையை ஒரு கை துடைத்தது. உள்ளிருந்து. மெதுவாக.

ரொட்டி அளவுக் கை இல்லை. மூன்றரை வயசுப் பிள்ளையின் கை.

பிறகு முகம். நீல்டாவின் கண். நீல்டாவின் இடது புருவத்து மச்சம். வளர்ந்திருந்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தாள் செனோபியா.

சட்டையிலிருந்து ஒரு சொட்டுப் பால் கண்ணாடிமேல் விழுந்தது. உள்ளே அந்தக் கண்கள் சொட்டு வழிந்த பக்கமே நகர்ந்தன.

செனோபியாவின் முகத்தை அவை பார்க்கவே இல்லை.

"நீல்டா?"

வாய் திறந்தது.

பல் முளைக்கும் முன்னே போன பிள்ளை. வாய் நிறையப் பல். ஒன்றுக்கொன்று அளவு ஒட்டவில்லை. கிழவர் பல். பால் பல். வரிசை வரிசையாக, தொண்டை வரைக்கும்.

ஸ்பேனர் கைநழுவி விழுந்தது.

அவள் தொடாத நான்காவது போல்ட் மெல்லச் சுழல ஆரம்பித்தது.