குறைகேட்பு நிலையம்

ஈரோட்டுக் குறைகேட்பு நிலையத்தில் செண்பகவல்லிக்கு வேலை, மருந்து சாப்பிடுகிறவர்களைப் புலம்ப வைப்பது. பழைய மருந்துகளுக்குப் புது வேலை கண்டுபிடிக்கும் 'மறுபயன்தேடி' என்ற இயந்திரத்துக்குப் புலம்பல்தான் தீனி.

நுரையீரல் காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போனபோது வழிகாட்டியதும் ஒரு புலம்பல்தான். மூட்டு வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த குமாஸ்தா ஒருவர், "இதத் தின்ன நாள்ல இருந்து சளிகூடப் புடிக்கறதில்லீங்க, லீவு போட வழியில்ல" என்று அங்கலாய்த்திருந்தார். இயந்திரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த மாத்திரை வைரஸைப் பெருகவிடவில்லை. வைரஸைக் கண்டு மிரண்டு உடம்பு தனக்குத்தானே மூட்டிக்கொள்ளும் அழற்சியையும் தணித்தது. செண்பகவல்லியின் கணவர் பொன்னுரங்கம் அதில்தான் பிழைத்தார். அந்த நன்றியில்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

ஊரே அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கப் பழகியது, செண்பகவல்லியும்தான். இப்போது வைரஸ் வேறு உருவத்தில் வந்துவிட்டது. மாத்திரை பலிக்கவில்லை. பொன்னுரங்கம் மறுபடியும் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். வேறொரு பழைய மருந்து அவசரமாகக் கிடைத்தாக வேண்டும்.

எதிரே அருக்காணி உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைக்காரி.

"சக்கர மாத்தர தின்னா என்னங்க பண்ணுது? வாய் கசக்குதுங்களா?"

"அதையெல்லாம் எதுக்குங்க சொல்லிக்கிட்டு? உசுரோட இருக்கறதே பெருசு."

"கை நடுங்குதுங்களே."

"நடுங்கறதுக்குக் கையின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க" என்று சிரித்தாள் அருக்காணி.

நம் ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி, யார் மனமும் நோகப் பேச மாட்டார்கள் என்றுதான் செண்பகவல்லி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்று இயந்திரம் வேறு காரணம் சொன்னது. அழற்சியைத் தணித்த மாத்திரை, மனத்தின் எரிச்சலையும் சேர்த்தே தணித்துவிட்டதாம். அதைச் சாப்பிடுகிற ஊர்களில் குறை சொல்ல ஆளே இல்லையாம். கேட்டதும் அவளுக்குப் பகீரென்றிருக்க வேண்டும். என்னவோ, அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"உங்கள் கணவர் எந்த மருந்தால் என்ன அவதிப்பட்டார்? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்றது இயந்திரம். "அவரைக் காப்பாற்ற அது உதவலாம்."

ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியபோது அவர் என்னவோ முணுமுணுத்தது அவள் நினைவுக்கு வந்தது. அதைப் போய்க் குறையாகச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் பிழைத்து வந்த நாளை நினைத்து நெஞ்சு நிறைந்தது. அவள் இயந்திரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இத்தன நாளு அவர எங்கூட விட்டு வெச்சிருந்தீங்களே, அதுக்கு மேல நாங் கேக்கலாமுங்களா?"