ஆணியில் தொங்கிய மஞ்சள் பை

விளாங்குடியில் நாங்கள் குடிபோன வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். கதவுக்குப் பின்னால், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன மஞ்சள் துணிப்பை ஒன்று ஆணியில் தொங்கியது. என் கணவர் அழகுபாண்டி, “அப்புறம் பாத்துக்கலாம்” என்று மூட்டைகளை அதன் கீழே அடுக்கினார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. திவ்யாவுக்கு எட்டு வயது, சூர்யாவுக்கு நான்கு. நால்வர் துணிக்கும் ஒரே பீரோ. இரவில் கட்டிலில் இருப்பதைத் தரைக்கு மாற்றினால்தான் படுக்கலாம்; காலையில் தரையில் இருப்பதைக் கட்டிலுக்கு. அரிசி டின்னுக்குள் பொம்மைக் காரின் சக்கரம் கிடக்கும். எதைத் தேடினாலும் வேறொன்று காலில் இடறும்.

ஒரு நாள் அந்தப் பை புடைத்திருந்தது. உள்ளே சூர்யாவுக்குச் சேராத செருப்பு, திவ்யாவுக்குக் கை ஏறாத கவுன். நான்காய் மடித்திருந்தது. நிழலில் காய்ந்த ஈரத்துணியின் முடை நாற்றம்.

“பரவால்லையே, நீங்ககூட வீட்ட ஒதுங்க வைக்கிறீகளே” என்றேன்.

“நானா? நீ வச்சேன்னுல்ல நெனச்சேன்.”

அவர் விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். நான் விளையாடுகிறேன் என்று அவர். வாரந்தோறும் பை நிறைந்தது. இனி தேவைப்படாததை மட்டுமே அது எடுத்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பை நிறைய அவருடைய சாமான். தினம் போடுகிற மூன்று சட்டை, கட்டம்போட்ட கைலி, டிபன் பாக்ஸ். முந்தைய நாள்தான் யாரோ கொடுத்தார்கள் என்று ஓடாத மிக்ஸி ஒன்றைத் தூக்கி வந்திருந்தார். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

“சட்டைய எல்லாம் கட்டிட்ட. அடுத்து என்னையவும் வெளிய வச்சிருவ போல” என்று சிரித்தார்.

“போங்க. ஒரு ஆள் எடமாவது மிச்சமாகும்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனார்.

பதினொரு மணிக்குப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் இருளாயி வந்தாள். பையை அவள் முன்னால் கவிழ்த்தேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கிழியவே இல்லையே தாயி. ஒரு நூல உருவி வச்சுக்கிட்டுக் குடு. உடுத்துன ஆளு துணி கூடவே வந்துரக் கூடாது.”

“அதுக்கெல்லாம் நேரமில்லக்கா. எடம் காலியானாப் போதும்.”

நீல வாளி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து போன் வந்தது. பஸ் பின்னுக்கு வந்ததை அவர் கவனிக்கவில்லையாம்.

அந்த நீல வாளியில்தான் தண்ணீர் மோந்து அவரைக் குளிப்பாட்டினார்கள்.

பதினாறாம் நாள் அவர் துணியை யாருக்காவது கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க எதுவும் இல்லை.

பையைக் கொல்லையில் வைத்து எரித்தேன். ஒத்தக்கடைக்கு வீடு மாறினோம். தேவைக்கு மேல் ஒரு கரண்டிகூட எடுத்து வரவில்லை. கதவு முழுதாகத் திறந்தது. அதன் பின்னால் நான் ஆணி அடிக்கவில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் அந்த முடை நாற்றம் வந்தது.

கதவுக்குப் பின்னால் ஆணி.

ஆணியில் மஞ்சள் பை.

உள்ளே திவ்யாவின் யூனிபார்ம், நான்காய் மடித்து. இரண்டு வருடம் போடட்டும் என்று பெரிதாகத் தைத்தது.

எடுத்து, காலரில் ஒரு நூலை உருவி, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாளும் பைக்குள் அது இருந்தது. மறுநாளும் ஒரு நூல். பள்ளி நாட்களில் அவள் கழற்றிப்போட்டு முகம் கழுவி வருவதற்குள் பைக்குள் போயிருக்கும். பையை இரண்டு முறை எரித்தும் பார்த்துவிட்டேன். ஏழு நாளில் காலர் நைந்துவிட்டது.

“ஏம்மா என் சட்டையப் பிய்க்கிற? டீச்சர் திட்டுறாங்க” என்று அழுதாள்.

இன்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். யூனிபார்மை எடுத்துவிட்டு, என் சேலையையும் மூக்குக்கண்ணாடியையும் பைக்குள் வைத்தேன். நூல் உருவவில்லை.

“என்னைய எடுத்துக்க” என்றேன், மெதுவாக.

கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

என் சேலை பீரோவில், அதன் இடத்தில், மடிப்புக் கலையாமல் இருந்தது. மேலே கண்ணாடி.

பைக்குள் யூனிபார்ம்.

அதன் மேல், நான் ஒளித்துவைத்த ஏழு நூல்களும் வரிசையாக.