சாக்கடை மூடியில் மூன்று தட்டு

அன்று மாலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர். வீட்டுக்காரர் லாசரஸ், அவர் மனைவி அந்தோனியம்மாள், கல்யாணம் நிச்சயமான மகள் பெட்டி, லாசரஸின் விதவை அக்காள் மதலேனா. ஏழு மணிக்குச் சற்று முன்பு அடுத்த வீட்டு ரத்தினம்மா வந்து போனாள். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆகவே அவளைச் சேர்ப்பதற்கில்லை. இவர்களைத் தவிர வேறு எவரும் முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் வரவில்லை.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு அக்டோபர், ஜெபமாலை மாதம். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். முன்னால் கூடம், நடுவில் இரண்டு அறைகள், கடைசியில் குசினி. குசினித் தரையில், பாத்திரம் துலக்கும் இடத்தருகே, ஓர் இரும்பு மூடி இருந்தது. அதைத் தூக்கினால் தெருச் சாக்கடைக் குழாய்க்கு இறங்கும் குழி. அந்த மூடியை யாரும் தூக்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

முதலில் வந்தது வாசனைதான். பத்து நாளைக்கு முன்பு, ஜெபமாலையின் நடுவில், மதலேனா மூக்கை உறிஞ்சினாள்.

"தம்பி, சீனன் கடை பாதாம் தண்ணி வாசம் அடிக்குதே. யாரு வாங்கியாந்தது?"

யாரும் வாங்கி வரவில்லை. அந்தோனியம்மாளும் முகர்ந்து பார்த்து, ஆமாம், குசினியிலிருந்துதான் என்றாள். பெட்டி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். லாசரஸும் போனார். குனிந்து, மூடியின் விளிம்பில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்பும் ஈர சிமெண்டும் மட்டும். ஆனால் சட்டென்று பின்வாங்கி எழுந்தார். அந்த வாசனை எதனுடையது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

லாசரஸ் காலாங் ஆற்றோரம் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் கழிவுநீர்க் கொட்டகைக்குப் பொறுப்பாளர். சயனைடு கலந்த நீரைத் தனித் தொட்டியில் நிறுத்தி, மருந்து கலந்து, விஷம் முறிந்ததும் சாக்கடையில் விட வேண்டும். அமில நீருக்கு வேறு தொட்டி. இரண்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் வாயு எழும்பும். பாதாம் வாசனை வந்தால் எதையும் யோசிக்காமல் ஓட வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். சிலருடைய மூக்குக்கு அந்த வாசனை பிறவியிலேயே எட்டாது. லாசரஸ் அப்படிப்பட்டவர். அதை அவர் இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் குடும்பம். தன்னிடம் ஒரு குறை இருப்பதாக எவனும் சொல்லும்படி அவர் வைத்துக்கொள்ளவில்லை.

கொட்டகைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெர்மிட் தொங்கியது. எந்த நீரை, எவ்வளவு சுத்தமாக, எப்போது விடலாம் என்று அதில் இருந்தது. அதை மீறியதற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தாகிவிட்டன. மூன்றாவது வந்தால் கதவை மூட வேண்டும். நாற்பது பேருக்கு வேலை போகும். வாசனை வருவதற்குச் சில நாள் முன்பு தொட்டி விளிம்புவரை நின்றது. முதலாளி கொட்டகை வாசலில் நின்று மலாயில் சொன்னார்: "திறந்து விடு லா. ஒரு நாள்தானே. மழை வரப்போகுது, அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

லாசரஸ் திறந்தார். அமிலத் தொட்டியை வேறொருவன் காலையிலேயே திறந்துவிட்டிருந்தது அவருக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. குழாய் வாயில் இரண்டும் கலந்து புகைந்தபோது அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தலை லேசாகக் கனத்தது. வெயிலின் அலுப்பு என்று நினைத்தார். உள்ளே போய்ப் பதிவேட்டில், 'சுத்திகரித்தபின் விடப்பட்டது' என்று தம்முடைய அழகான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார்.

அப்போது மாலை ஆறரை. தொழிற்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சாக்கடைக் குழிக்குள் நின்று அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் முத்துசாமி. அடுத்த வீட்டுக்காரர், ரத்தினம்மாவின் கணவர்.

தேக்காவில் தேநீர் குடிக்கும்போது முத்துசாமி தம் வேலையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். "எங்க பாஷை ரொம்ப சிம்பிள்ணே. கீழ இருக்கிறவன் அப்பப்ப இரும்பு ஏணியில மூணு தட்டு தட்டணும். 'உயிரோட இருக்கேன்'னு அர்த்தம். மேல நிக்கிறவன் ஒரு தட்டு தட்டினா, 'சரி, வேலையப் பாரு'. ரெண்டு தட்டு தட்டினா, 'மேல வா'. ஆனா ரெண்டு தட்டிட்டு அந்த எடத்தை விட்டு நகரக் கூடாது. கூப்பிட்டவன்தான் குனிஞ்சு கை கொடுக்கணும். அது எங்க சட்டம்."

அன்று மேலே நின்றவன் நாகூர் கனி. மூன்று தட்டு கேட்டதாகவும், இரண்டு தட்டியதாகவும், தட்டிக்கொண்டே இருந்ததாகவும், யாரும் ஏறி வரவில்லை என்றும் அவன் அழுதுகொண்டு சொன்னான். பிறகு மழை கொட்டியது. குழியும் குழாயும் கழுவிப்போயின.

விசாரணைக்கு வந்த அதிகாரி தொழிற்சாலைக்கும் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. வாயு இல்லையென்றால் மனிதர் எப்படி விழுந்தார்? குடித்திருப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நீங்கள் அடுத்த வீடாமே, அவர் குடிப்பாரா?" என்று லாசரஸிடம் கேட்டார்.

முத்துசாமி வருடம் தவறாமல் டேங்க் ரோட்டுக் கோயிலுக்குக் காவடி எடுத்தவர். கள்ளைத் தொட்டவரில்லை. இது லாசரஸுக்குத் தெரியும். குடிக்க மாட்டார் என்று சொன்னால், பிறகு எதனால் செத்தார் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வி நேராகத் தம்முடைய கையெழுத்துக்கு வந்து நிற்கும். கோயிலில் பெட்டியின் கல்யாணத்துக்கு முதல் அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது.

"அடுத்த வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது" என்றார் லாசரஸ்.

வாசனை வந்தது, அதிகாரியிடம் அப்படிச் சொன்ன அன்று மாலைதான். தட்டலும் அன்றுதான்.

கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அவர் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தரைக்கு அடியில், தூரத்தில், இரும்பில் இரும்பு பட்டது. மூன்று தடவை. பெருச்சாளி என்று நினைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் மீண்டும் மூன்று. அதே இடைவெளி. அவசரம் இல்லை. கோபம் இல்லை. வேலையில் இருப்பவன் தட்டுகிற தட்டு. கடைசியில், அதை நிறுத்துவதற்கு வேறு வழி தோன்றாமல், அகப்பைக் காம்பால் மூடியின்மேல் ஒரு தட்டு தட்டினார்.

சரி. வேலையைப் பாரு.

சத்தம் நின்றது. அன்று அவர் தூங்கினார்.

மறுநாள் மாலையும் வந்தது. மறுநாளும். ஒவ்வொரு நாளும் ஒரு தட்டு போதாமல் போயிற்று. ஒவ்வொரு மூன்று தட்டுக்கும் ஒன்றாக, ஐந்து முறை, பத்து முறை பதில் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் சத்தம் ஓர் ஏணிப்படி அளவு கிட்டே வந்தது. வேலைக்குப் போனார், வந்தார், சோற்றைப் பிசைந்தார், ஜெபமாலை நேரம் வந்ததும் அகப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். இரண்டாவது தொழிலுக்குப் போகிறவரைப்போல. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"அப்பா, குசினிப் பக்கம் போனாலே எனக்குத் தல சுத்துது. பிளம்பரக் கூப்பிடுங்க லா" என்றாள் பெட்டி.

"கல்யாணம் முடியட்டும்."

"என்னங்க, அங்க உக்காந்து என்னதான் பண்றீங்க?" என்றாள் அந்தோனியம்மாள்.

"எலி."

பதினோராவது நாள் சனிக்கிழமை. மறுநாள் மூன்றாவது ஓலை. வானம் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு, பெய்யாமல், வீட்டுக்குள் புழுக்கத்தை நிரப்பிவைத்திருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன்பு ரத்தினம்மா வாசலில் வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"உள்ள வா" என்றார் லாசரஸ், நாற்காலியைவிட்டு எழாமல்.

"வேணாண்ணே. உங்க வீட்டுல நல்ல காரியம். துக்கத்தோட நான் வரக் கூடாது." முந்தானையை விரலில் சுற்றினாள். "திங்கக்கெழமை கேஸ மூடப் போறாங்களாம். ஒரே ஒரு வார்த்தைண்ணே. அவரு குடிக்க மாட்டாருன்னு நீங்க சொன்னா நம்புவாங்க. எம்புள்ளைங்கள ஸ்கூல்ல குடிகாரன் மவன்னு கூப்பிடுறானுங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் லாசரஸ் வாயைத் திறந்தார். கூடத்தில் மதலேனாவின் மடியில் பெட்டியின் கல்யாணத் துணி வெள்ளையாகக் கிடந்தது.

"நான் என்னம்மா கண்டேன்" என்றார்.

ரத்தினம்மா விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தாள். "சரிண்ணே" என்றாள். திரும்பும்போது நின்று, காற்றை முகர்ந்தாள். "அவரத் தூக்கிட்டு வந்தப்ப சட்டையில இந்த வாசந்தான் அடிச்சிது."

போய்விட்டாள்.

பெண்கள் மண்டியிட்டார்கள். லாசரஸ் அகப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். கதவைச் சாத்தினார். விளக்கைப் போட்டார், அது ஏனோ மங்கலாக, நீருக்கடியில் எரிவதுபோல் எரிந்தது. துலக்குமிடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றிருந்தது. சுவர்ப்பல்லி தரையில் மல்லாந்து கிடந்தது. கரப்பான்கள் மூடியைச் சுற்றி வட்டமாகச் செத்துக் கிடந்தன. 'அருள் நிறைந்த மரியே' என்ற ஜெபம் கதவுக்கு அப்பால் அலையலையாக வந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்று தட்டு.

இந்த முறை தூரத்தில் இல்லை. மூடியின் அடிப்பக்கத்தில். இரும்பு அதிர்ந்ததை அவர் பாதத்தில் உணர்ந்தார்.

ஒரு தட்டுத் தட்டினார்.

மூன்று.

ஒன்று.

மூன்று.

கை எழவில்லை. தோளிலிருந்து விரல்வரை ஈயம் ஊற்றியதுபோல் இருந்தது. பதினொரு நாளாகச் செத்தவனிடம் வேலையைப் பார், வேலையைப் பார் என்று சொல்லிச் சொல்லி அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. பயம்கூட ஓய்ந்துவிட்டது. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. கீழே இருப்பவனும் களைத்திருப்பான் என்று தோன்றியது. எத்தனை நாளைக்குத்தான் அவனும் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

மூன்று.

லாசரஸ் தட்டினார். ஒன்று.

இன்னொன்று.

இரண்டு.

சத்தம் நின்றது. கூடத்தில் ஜெபமும் அதே கணத்தில் நின்றதுபோல் இருந்தது. பிறகு ஏணியில் கால் வைக்கும் ஓசை. ரப்பர் பூட்ஸ். தண்ணீர் நிறைந்த பூட்ஸ். ஒரு படி. ஒரு படி. மூச்சு வாங்குவது கேட்டது. மூச்சு இல்லை, நீர் வடியும் ஓசை.

மூடி எழும்பியது. பல வருடத் துருவும் மண்ணும் விளிம்பில் உதிர்ந்தன. விரற்கடை. சாண். ஓரமாக நகர்ந்து நின்றது.

உள்ளே இருட்டு.

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. இளஞ்சிவப்பாக, இப்போதுதான் குளித்தவன் கைபோல் இருந்தது. மேலே நீண்டது. பற்றிக்கொள்ள எதையும் தேடவில்லை. விரல்களை விரித்து, அப்படியே நின்றது.

காத்திருந்தது.

"முத்துசாமி" என்றார் லாசரஸ். "நீ குடிக்கல. எனக்குத் தெரியும்."

கை அசையவில்லை. சொன்னது அதற்குப் போதவில்லை.

அப்போதுதான், ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக, லாசரஸுக்கு அந்த வாசனை வந்தது. இனிப்பாக. மிக இனிப்பாக. அவர் மண்டியிட்டார். அகப்பையைத் தரையில் வைத்தார். குனிந்தார்.

கதவைத் திறந்தபோது பெண்கள் மூவரும் கண்டது இதுதான்: அவருடைய இடது செருப்பு, அகப்பை, திறந்த குழி. குழிக்குள்ளிருந்து, தூரமாகிக்கொண்டே போன தட்டல். மூன்றும் மூன்றும். இரண்டு பேர் மாறி மாறித் தட்டுவதுபோல.

லாசரஸ் அன்று குடித்திருந்தார் என்றும், கால் வழுக்கிக் குழியில் விழுந்தார் என்றும் தேக்காவில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. அவர் குடித்ததில்லை. முத்துசாமியும் குடித்ததில்லை. கால் வழுக்கவும் இல்லை. அவர் கை கொடுத்தார்.