சைவ வெப்பம்

செம்மணல் நகரில் குழந்தை பிறந்தால் முதலில் எடை பார்ப்பதில்லை. அது போய்ச் சேரப்போகும் வீட்டின் சூட்டைத்தான் பார்ப்பார்கள். வெளியே மைனஸ் அறுபது டிகிரி. செவ்வாய்க் கிரகத்தில் அது இதமான நாள். வீடு மூன்று நாள் தொடர்ந்து இருபது டிகிரிக்குக் குறையாமல் நின்றால்தான் மருத்துவமனையின் இயந்திரச் செவிலி தொட்டில் பூட்டைத் திறக்கும். அழுதாலும் மசியாது, சிபாரிசுக்கும் மசியாது. அதனாலேயே ஊரில் அதற்குக் கெட்ட பெயர்.

ஞானசம்பந்தத்தின் மனைவி கோமதி பிறந்து ஒரு நாளே ஆன மகனோடு அங்கே காத்திருந்தாள். வீடு இருபத்திரண்டில் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை. ஆகவே சம்பந்தம் ஒரு கவலையைத் தேடிக் கண்டுபிடித்தார். சுவரிலிருந்த காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து அரைமணி நேரம் நின்றார். பிறகு வெப்பமீட்டிகளை விற்று, பழுதும் பார்த்துவந்த புன்னைவனத்தை வரவழைத்தார்.

"பக்கத்து வீட்டு சலேத்து தெனம் கருவாடு வறுக்கா, தெரியுமா வே?"

"வாடை வருதா அண்ணாச்சி?"

"வாடை வரல."

"பின்ன?"

"சூடு வருதே! அது எதுல பட்டு வந்த சூடு?"

புன்னைவனம் இருபது வருட அனுபவசாலி. பொறுமையாக விளக்கினார். இரண்டு வீட்டுக்கு ஒரு வெப்பமீட்டி. வீடுகளில் புழங்கிய காற்று வெளியேறும்போது மெல்லிய தகடுகளுக்கு ஒருபுறமாகப் போகிறது. குளிர்ந்த புதுக்காற்று மறுபுறமாக வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சூடு மட்டும் தகட்டைத் தாண்டி வந்து புதுக்காற்றில் ஏறிக்கொள்ளும்.

"தாண்டி வருதுல்லா? அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் சம்பந்தம்.

கடையில் இல்லாத சரக்கை வாடிக்கையாளரே கண்டுபிடித்துக் கொடுக்கும்போது, அதற்குப் பெயர் வைப்பது மட்டும்தான் வியாபாரிக்கு வேலை.

"சைவ வெப்பம் வேணும்னு நேராச் சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? தனி மீட்டி வச்சிருவோம். உங்க வீட்டுச் சூடு உங்களுக்கே."

"தகடு?"

"மீனக் கண்ணால பாக்காத தகடு."

சம்பந்தம் விடாமல் பேரம் பேசி, 'சுத்த சைவ வெப்பம்' என்ற ஸ்டிக்கரை இலவசமாக வாங்கிக்கொண்டார். அன்றைக்கே பழைய இணைப்பை வெட்டி, புதியதை மாட்டினார்கள். காலியான பாதி இணைப்பை, சலேத்துக்கு மறுபக்கத்து வீட்டில் ரொட்டி சுடும் காதர், விஷயம் கேள்விப்பட்ட கையோடு வந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வீடு பதினேழு டிகிரி. அதற்கு மறுநாள் பதினான்கு. சம்பந்தம் இரண்டு கம்பளியோடு புன்னைவனத்தைப் பிடித்தார்.

"மீட்டி ரிப்பேரு வே!"

"மீட்டி நல்லாத்தான் இருக்கு. அது சூட்ட உண்டாக்காது அண்ணாச்சி, இருக்குற சூடு வெளிய ஓடிராமத் திருப்பித் தரும். உங்க வீட்டுல என்ன இருக்கு, திருப்பித் தர? அடுப்பாவது பத்த வைக்கியளா?"

"எத வைக்க? இங்க காய் வெளையுத தொட்டித் தண்ணி, மீன் தொட்டித் தண்ணிலா!"

அவர் சாப்பிட்டதெல்லாம் பூமியிலிருந்து முத்திரை வைத்து வந்த பொட்டலங்கள். பிரித்து அப்படியே சில்லென்று விழுங்குவார். மின்சாரத்தில் சூடேற்றவும் வழியில்லை. இருக்கிற மின்சாரம் ஆக்சிஜன் ஆலைக்கே போதாததால் வீட்டைச் சூடாக்கச் சட்டப்படி தடை; சமையலுக்கு மட்டும் அனுமதி. ஆக, மூன்று வருடமாக அந்த வீட்டைச் சூடாக வைத்திருந்தது சலேத்து வறுத்த ஜிலேபிக் கெண்டைக் கருவாடு. தொட்டியில் வளர்ந்த மீனைக் காற்றழுத்தக் கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் ஈரமெல்லாம் பறந்துவிடும். செவ்வாயில் மனிதன் வாழ்வதுதான் கஷ்டம், கருவாடு போடுவது சுலபம்.

கோமதி திரையில் வந்தாள்.

"ஏங்க, வீடு பதினாலுன்னு செவிலி சொல்லுது. புள்ளைய விட மாட்டேங்குது. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

அவள் திரையை அணைத்தாள்.

சம்பந்தம் முதன்முறையாக சலேத்தின் வீட்டு மணியை அடித்தார். உள்ளிருந்து அடித்த சூட்டில் ஒரு கம்பளி தானாகக் கழன்றது.

"பழையபடி இணைப்பச் சேத்துக்கோம்மா. பச்சப்புள்ள விஷயம்."

சலேத்து கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "வீட்டுல என்ன அண்ணாச்சி சமையல்? வாரத்துல எத்தன நாளு வறுவல்?"

"நாங்க சைவம்லா?"

"அப்ப கஷ்டம். காதர் பாய் தெனம் எரநூறு ரொட்டி சுடுதாவ. அந்தச் சூட்டுல பாதி எனக்கு வருது. நீங்க மூணு வருஷத்துல எனக்குத் தந்தது ரெண்டு பேரு மூச்சுச் சூடுதான்."

சம்பந்தத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்தக் கொதிப்பை வீட்டிலிருந்தே கொதித்திருந்தால் ஒரு டிகிரியாவது ஏறியிருக்கும்.

"ஒருத்தன் என்ன திங்கான்னு கேட்டுட்டுத்தான் சேத்துக்குவியளோ? மனுசன மனுசனாப் பாக்க மாட்டியளா? என்ன அநியாயம் இது! எந்தக் காலத்துல இருக்கோம்?"

மனதாரத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கிவிட்டது.

"அழாதீய அண்ணாச்சி. கோமதி அப்பமே எங்கிட்டப் பேசிட்டா. புள்ள போற வீடுன்னு என் விலாசத்தத்தான் எழுதிக் குடுத்திருக்கா. இந்த வீடு எந்தக் காலத்துல இருபதுக்குக் கீழ எறங்கிச்சு? சாயந்தரம் பூட்டத் தொறந்துருவாக."

அப்படித்தான் ஆயிற்று. இப்போது பிள்ளை சலேத்தின் கூடத்தில், அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி, இருபத்தைந்து டிகிரியில் தூங்குகிறது. கோமதியும் அங்கேதான். சம்பந்தம் வேலை முடிந்ததும் நேரே வந்துவிடுவார். கம்பளிகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தொட்டில் பக்கத்தில் கையைக் காலை நீட்டி உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கமாட்டார்.

பூமியிலிருந்து சொந்தக்காரர்கள் திரையில் வந்து விசாரிக்கும்போது, அவர்கள் கேட்பதற்கு முன்பே குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுவார்:

"சேச்சே! அங்க நான் பச்சத்தண்ணிகூடத் தொடுறதில்ல. சூடு மட்டுந்தான்."