கன்னத்தில் ஏறிய வெளிச்சம்

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க. குட்டியோட வலது கன்னம் இருட்டா விழுது."

"அம்மா, அப்பா ஏன் பேசவே மாட்டேங்கறாரு?"

"பேசினா நீ சிரிச்சு ஓட்டைப் பல்லைக் காட்டிடுவே, அதான். ஆடாம உக்காரு."

தெர்மாகோல் அட்டை ஒரு சாண் நகர்ந்தது. ஜன்னலின் வெள்ளைத் திரை வழியே வடிந்து வந்த மாலை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, மகளின் கன்னத்து நிழலைப் பால் ஊற்றியதுபோல் கரைத்தது. பல்பின் மஞ்சள் கலந்தால் படம் கெட்டுவிடும் என்று விளக்குகளை எல்லாம் அவள் அணைத்திருந்தாள். வராந்தா வெளிச்சமும் உள்ளே விழுந்ததால், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, கதவைச் சாத்தச் சொல்லிக் கணவனிடம் கத்தியிருந்தாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது; கொஞ்ச நேரத்தில் அட்டை எழுந்தது. ஆளுயர அட்டை. பின்னால் நிற்பவரின் தலைமுடிகூடத் தெரியாது.

ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்ததுபோல் ஒரு வாடை வந்தது. தெர்மாகோல் நெரிபடும் சன்னமான கிறீச்.

"போதும், அங்கேயே நில்லுங்க."

கன்னம் இன்னும் வெளுத்தது.

"விளையாடாதீங்க. பொழுது இறங்கிட்டா அவ்வளவுதான்."

அப்போதுதான் வாசற்கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, கதவைத் திற! பேட்டரி வாங்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பினேன்? சாவி உள்ளேயே மாட்டிக்கிச்சு!"

கணவனின் குரல். வெளியிலிருந்து.

அவள் அட்டைப் பக்கம் திரும்பவில்லை. கதவுக்குப் போகும் வழியில் அட்டை நின்றது, ஜன்னலில் கம்பி. கடைசியாக எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கினாள். மகளின் கண்மணியில் ஜன்னல் ஒரு சின்னக் கட்டமாக மின்னியது. பக்கத்தில் அட்டை. அதன் நாலு விளிம்பிலும் விரல்கள்.

ஜன்னல் இருண்டுவிட்டது. வெளியே பொழுது முடிந்துபோயிற்று.

மகளின் கன்னம் மட்டும் வெளுத்துக்கொண்டே இருந்தது. மூக்கோரத்து நிழல் போயிற்று. தாடையின் கீழ் நிழல். போயிற்று. கிறீச். கதவு படபடவென்று தட்டப்பட்டது. வாடை. கிறீச்.

கேமரா நழுவியது. எதிரே, இமைக்காத இரண்டு சின்னக் கண்களிலும் ஜன்னல் இல்லை, அம்மா இல்லை. விளிம்புவரை வெள்ளை. மகளின் உதடு மட்டும் அசைந்தது.

"அம்மா... என்னைத் தூக்கிக்கோ."