வாடைக்கு அடைத்த வீடு

மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நஜ்முன் நிஸா சன்னல் கட்டையில் விரலை வைத்து இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம் வரை இழுத்துப் பார்த்தாள். விரல் சுத்தமாகவே இருந்தது. முகட்டில் ஒட்டடை கிடையாது. மூலையில் ஒரு சிலந்திகூடக் குடியிருக்கவில்லை. குசினி அடுப்பில் பழைய சாம்பல் ஒரு சிட்டிகை இல்லை. யாரோ நேற்றுக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று சொல்லவும் வழியில்லை. வாசல் பூட்டில் துரு ஏறி, புருஷன் கலீலுர் றஹ்மான் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி அரை நாள் மல்லுக்கட்டித்தான் திறந்தான். விளக்குமாறும் வாளியுமாக வந்தவளுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

வேறு யாராவது என்றால் நின்று யோசித்திருப்பார்கள். நஜ்முனுக்கு அது பொன்னாகப் பட்டது. அவளுடைய மகள் றம்ஸியாவுக்கு ஏழு வயது, நாலு வயதிலிருந்து முட்டு, மூச்சிழுப்பு. தூசி பட்டால் இழுக்கும், புகை பட்டால் இழுக்கும், ஈரம் பட்டால் விடிய விடிய இழுக்கும். துறைமுகத் தொழிலாளர் லயனில் அவர்கள் இருந்த அறைக்கு ஒரு பக்கம் கருவாட்டு வாடி, மறுபக்கம் வரிசையாக அடுப்பு, சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. ஆஸ்பத்திரி டொக்டர் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மருந்து நான் தரலாம், வீட்டை நான் தர ஏலாது. காய்ஞ்ச வீடாப் பாருங்கோ அம்மா. இல்லாட்டி இந்தப் பிள்ளை அடுத்த மாரியைத் தாண்டாது" என்றார்.

அன்றிலிருந்து அவள் துறைமுகக் கந்தோர் வாசலை விடவில்லை. வீடு கொடுக்கும் பொறுப்பில் இருந்த அருளம்பலம் அவளைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய், அது இழுக்கிற இழுப்பை அவர் காதுக்குக் கேட்க வைத்தாள். கடைசியில் அவர் மேசை லாச்சியைத் திறந்து, வளையத்தில் கோர்த்த ஒரு திறப்பை எடுத்து மேசையில் எறிந்தார்.

"மேட்டில ஒரு குவார்ட்டர்ஸ் சும்மா கிடக்கு. எடுக்கிறதெண்டால் இப்பவே எடுங்கோ. பிறகு அது சரியில்லை, இது சரியில்லையெண்டு வந்து என்ர மேசைக்கு முன்னால நிக்கப்படாது."

இத்தனை குடும்பம் வீட்டுக்குத் தவம் கிடக்கையில் அந்த வீடு மட்டும் ஏன் சும்மா கிடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் திறப்பு திரும்பவும் லாச்சிக்குள் போய்விடுமே.

வெள்ளைக்கார நேவி கட்டிவிட்டுப் போன வீடு அது. கீழே துறைமுகம், மேலே காடு, நடுவில் சரிவில் இரண்டு வீடுகள். முழக்கைக்கு மேல் தடித்த சுவர். அண்ணாந்து பார்க்க வேண்டிய முகடு. ஒவ்வோர் அறையிலும் முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, வெளியே போகும்படி வரிசையாகக் காற்றுப் பொந்துகள். வெள்ளைக்காரனுக்கு வெக்கை ஏலாது, அதற்காக வைத்தவை. எட்டிப் பார்த்தால் பொந்துக்குள் இருட்டுத்தான் தெரியும். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியாது.

பக்கத்து வீட்டுத் திரேசம்மா வந்த அன்றே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இவர்களுடைய சாமான்களை ஒவ்வொன்றாக எடை போட்டாள். பாயும் தகரப் பெட்டியும் இறங்குவதைப் பார்த்த பார்வையில் லயன்காரருக்கு மேட்டில் என்ன வேலை என்ற கேள்வி இருந்தது. றம்ஸியா வேலியோரம் போய் நின்றால் தன் பேரப்பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள், "உங்கட மூச்சும் போயிடும், வாங்கோ" என்று இவளுக்குக் கேட்கவே சொல்லி. நஜ்முனுக்கு வயிறு எரியும். வாடை இறங்குமுன் அந்த மனுஷி தானாக வாய் திறந்தது ஒரே ஒரு தரம்.

"காத்துப் பொந்துகள மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ. முந்தி இருந்தவையும் வாடைக் காத்துக்குப் பயந்து அடைச்சவை."

"அவைக்கு என்ன நடந்தது?"

திரேசம்மா கொடியில் கிடந்த உடுப்புகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நஜ்முனுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். முட்டுப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தலையில் துணி கட்ட வேண்டும், பொழுதுபட்டால் சன்னலைச் சாத்த வேண்டும், வாடைக் காலத்தில் சாவித் துவாரத்துக்கும் பஞ்சு வைக்க வேண்டும். அப்படியிருக்க, பொந்தைத் திறந்து வை என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால் அந்த மனசில் என்ன இருக்கும்? பிள்ளைக்கு ஏதாவது ஆகட்டும், வீடு காலியாகட்டும், வீடில்லாத தன் மருமகன் வந்து குடியேறட்டும். வேறென்ன!

ஐப்பசி முடிய வாடை இறங்கியது. கடலிலிருந்து ஏறி வந்த காற்று பொந்துகளால் நுழைந்து அறை முழுக்க உப்பும் ஈரமுமாகச் சுற்றியது. றம்ஸியாவுக்கு லயனில் வந்ததைவிட மோசமாக இழுத்தது. கலீலுர் றஹ்மான் மாவுக் கப்பலில் விஞ்ச் ஓட்டப் போயிருந்தான். பிள்ளை இரண்டு கையையும் பாயில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல இழுத்தது. குளிசை கொடுத்தாள், முதுகைத் தடவினாள், ஓதி ஊதினாள். விடியும்போது அவளுக்கு ஒரே ஒரு எண்ணந்தான் மிச்சம் இருந்தது. இந்தக் காற்றை நிறுத்த வேண்டும்.

கிழிந்த மாவுச் சாக்குகளைப் புருஷன் கொண்டுவந்து போட்டிருந்தான். அவற்றைத் தோய்த்துக் காயவைத்துச் சுருட்டினாள். மேசைமேல் கதிரையை வைத்து ஏறினாள். மழைக்கு முந்திய புழுக்கம், வெளியே ஓர் இலை அசையவில்லை. முதல் பொந்தில் துணிச் சுருளை வைத்து அமுக்கத் தொடங்கினாள். அமுக்க வேண்டியிருக்கவில்லை. துணி அவள் கையிலிருந்து தானாக உள்ளே போனது. நல்ல பசியில் இருக்கிற பிள்ளை வாயில் வைத்த கவளம் போவதுபோல.

காற்றின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். காற்று இல்லை என்பதை நினைக்கவில்லை. குசினி, முன்னறை, நடு அறை என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கடைசியாகப் பிள்ளை படுக்கிற அறைப் பொந்துகளையும் அடைத்தாள். அடைத்ததும் காது இரண்டும் கிண்ணென்று அடைபட்டது. கீழே துறைமுகத்தில் இரைந்துகொண்டிருந்த கப்பல் சத்தம் நின்றுபோனது.

அன்று பின்னேரம் றம்ஸியா இழுக்காமல் தூங்கினாள்.

நஜ்முன் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டாள். கீச்சுச் சத்தம் இல்லை, கரகரப்பு இல்லை. நீளமான, ஆழமான, ஆறுதலான மூச்சு. மூன்று வருஷம் அந்த ஒரு மூச்சுக்காக அவள் அழாத அழுகை இல்லை. இப்போது சந்தோஷத்தில் அழுதாள். சுஜூதில் விழுந்து எழும்ப மனமில்லாமல் கிடந்தாள்.

"பாத்தியா, காத்த அடைச்சதும் புள்ளைக்குச் சுகம்," என்றான் கலீலுர் றஹ்மான். கிணற்றடியில் மாத்தூளைக் கழுவிவிட்டு வந்துதான் பிள்ளையைத் தொடுவான், பாவம். "இவ்வளவு நாளும் இது எங்களுக்கு விளங்காமப் போச்சே." அடுத்த நாளே திரும்பவும் கப்பலுக்குப் போய்விட்டான்.

பிள்ளை தேறியது. கன்னம் உப்பியது, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது. ஆனால் முற்றத்தில் இறங்க மாட்டேன் என்றது. இறங்கினால் வாசற்படிக்கு அப்பால் நாலடி வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்துவிடும். வெளிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நஜ்முன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவுகள் தாமாகக் கொஞ்சம் சாத்திக்கொண்டன, தாமாகக் கொஞ்சம் திறந்துகொண்டன. அதற்கும் பிள்ளையின் மூச்சுக்கும் ஒரே தாளம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை மனசுக்குள் விடவில்லை.

ஒருநாள் திரேசம்மா வேலியோரம் வந்து பொந்துகளை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தம் செத்துப்போயிருந்தது.

"அடைச்சுப்போட்டியளோ? இண்டைக்கே பிடுங்குங்கோ. கேக்குதோ? இண்டைக்கே!"

"என்ர புள்ள சுகமா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கேல்லயோ?"

திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். எரிச்சல்காரி அப்படிப் பின்வாங்க மாட்டாள். அது நஜ்முனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

அன்று பொழுதுபட மழை பிடித்தது. மின்சாரம் நின்றது. லாம்பைக் கொளுத்திப் பிள்ளையின் அறையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். விறகு நனைந்திருந்தது. புகைந்தது. புகை கூடினால் பிள்ளைக்கு ஆகாதே என்று மட்டையால் விசிறத் தொடங்கியவள் கையை நிறுத்தினாள்.

புகை மேலே போகவில்லை. அடுப்பு வாயிலிருந்து இறங்கி, தரையோடு தரையாக, கயிறு திரித்தாற்போல் ஒடுங்கி, குசினி வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். வழி தெரிந்த மாதிரி.

அவள் பின்னால் போனாள். நடு அறையைத் தாண்டி, பிள்ளையின் அறைக்குள் நுழைந்து, பாயில் ஏறி, றம்ஸியாவின் திறந்த வாய்க்குள் புகை போய்க்கொண்டிருந்தது. போனது போனதுதான். மூக்காலும் வரவில்லை, வாயாலும் வரவில்லை. புகை மணந்தாலே இருமி விழுகிற பிள்ளை. இருமவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது.

"மகள்! றம்ஸியா!"

பிள்ளை கண் திறந்தது. "காணாது உம்மா, இன்னும் வேணும்," என்றது.

நஜ்முன் மேசையை இழுத்தாள். கதிரையைத் தூக்கி வைத்தாள். ஏறினாள். பொந்து இருந்த இடத்தைக் கையால் தேடினாள். துணி இல்லை. பொந்தும் இல்லை. சுவர் மட்டும். காயம் ஆறிய தோலைப்போல வழவழப்பாக, இளஞ்சூடாக.

முன்னறைக்கு ஓடினாள். அங்கேயும் சுவர். நடு அறை. சுவர். நகத்தால் பிறாண்டினாள். சுண்ணாம்பு உதிரவில்லை. நகந்தான் உரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த வீட்டின் வாயையெல்லாம் அவளே அடைத்துவிட்டாள். அதற்கு வேறொரு வாய் வேண்டியிருந்தது.

பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். முன்கதவு இழுத்துப் பிடித்தது. உதைத்தாள். திறந்தது. மழை. முற்றம். சேறு. படலை வரைக்கும் ஓடினாள். தோளில் கிடந்த பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை.

"மகள், மூச்செடு. மூச்செடு, என்ர கிளி."

மின்னலில் முகம் தெரிந்தது. உதடு நாவற்பழம்போலக் கறுத்திருந்தது. கண் திறந்து இருந்தது. கை தொங்கியது. இழுப்புக்கூட இல்லை. எத்தனை நாள் அந்த இழுப்பைச் சபித்திருப்பாள்! இப்போது அது ஒன்று கேட்டால் போதும் என்று அல்லாஹ்விடம் கெஞ்சினாள்.

திரேசம்மாவின் சன்னலில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா! ஓடி வாங்கோ அக்கா! புள்ளைக்கு மூச்சில்லை!"

சன்னல் கொஞ்சம் திறந்தது. "இஞ்ச கொண்டு வராதேங்கோ!" அந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது. "அதுக்கு இனி வெளியில மூச்சில்லை. முந்தின பிள்ளையையும் இப்பிடித்தான் தூக்கிக்கொண்டு வந்தவை. உள்ளுக்கே கொண்டு போங்கோ."

சன்னல் அடைபட்டது. விளக்கும் அணைந்தது.

மழை கொட்டியது. கீழே துறைமுகத்தில் புருஷனுடைய கப்பலின் வெளிச்சம் தெரிந்தது, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். மேலே அவர்களுடைய வீட்டு வாசல் திறந்து கிடந்தது. காய்ந்த வீடு. தூசி இல்லாத வீடு. அவள் கெஞ்சி, காலில் விழாத குறையாக வாங்கிய வீடு.

பிள்ளையின் விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன.

நஜ்முன் நிஸா திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள். தாய் வேறென்ன செய்வாள்?

வாசற்படியைத் தாண்டியதும் பிள்ளையின் நெஞ்சு உயர்ந்தது. பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பாயில் குந்திப் பிள்ளையை மடியில் கிடத்தினாள். உதட்டில் சிவப்பு ஏறியது. கன்னம் சூடானது.

"உம்மா," என்று சிரித்தது பிள்ளை. சிரித்த வாய் மூடவில்லை. மூச்சு உள்ளே போனது.

போய்க்கொண்டே இருந்தது.

லாம்புச் சுடர் சிமினிக்குள் பிள்ளையின் பக்கமாகச் சரிந்தது. சுவர்கள் முனகின. முகட்டு வளை வளைந்தது. நஜ்முனின் முக்காடு தலையிலிருந்து வழுகிப் பிள்ளையின் முகத்தை நோக்கிப் போனது. சுடர் நீண்டு, மெலிந்து, திரியை விட்டுக் கழன்றது.

இருட்டு.

மடியில் அந்தச் சின்ன நெஞ்சு இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது. எந்தக் கரகரப்பும் இல்லாத, அவள் ஆசைப்பட்ட அதே மூச்சு.

நஜ்முன் தன் மூச்சை வெளியே விட்டாள். திரும்ப எடுக்க அந்த அறையில் காற்று இருக்கவில்லை.