காகம் வராத மலை

என் மனைவி கோசலை சோறு உண்ணவேண்டும் என்பதற்காகவே நாங்கள் அந்த மலைக்குப் போனோம். வேறு நோக்கம் எதுவும் எங்களுக்கு இல்லை.

பாரிஸ் புறநகரான ஸ்தேனில் வாழ்ந்த அவளுடைய தம்பி தவரத்தினம் தை மாதத்தில் இறந்துபோனான். அன்றிலிருந்து, நகருக்குள் லா சப்பலில் உள்ள எங்கள் ஐந்தாம் மாடி வீட்டின் யன்னல் விளிம்பில், நாள்தோறும் நண்பகலில் அவள் ஒரு பிடி சோறு வைப்பாள். காகம் வந்து கொத்திய பின்னரே தன் தட்டைத் தொடுவாள். முப்பத்தொன்றாம் நாள்வரை காகம் வந்தது. பிறகு வரவில்லை. புறாக்கள் வந்தன, அவற்றை அவள் பொருட்படுத்தவில்லை. அவன் இறந்த நாளில் மருத்துவமனைக்குப் போகாமல் கடையில் வேலைக்கு நின்றுவிட்டதால் தம்பிக்குத் தன்மேல் கோபம் என்று முடிவுசெய்தாள். தேநீரும் இரண்டு விசுக்கோத்துமாக நாள்கள் கழிந்தன. எடை பதினொரு கிலோ இறங்கியது. இடம் மாற்றிப் பார்க்கும்படி மருத்துவர் சொன்னார்.

மகன் சேந்தன் சவோய் மலைப்பகுதியில் ஒரு பழைய கல்வீட்டை ஒரு கிழமைக்கு ஒழுங்குசெய்தான்.

“அப்பா, இப்ப ஓர்-செசோன், சீசன் இல்லாத நேரம். ஆக்களும் இல்லை, சத்தமும் இல்லை. மலையெண்டால் காகமும் இருக்குந்தானே,” என்றான்.

ஆட்கள் இல்லை என்பது மட்டுமே மெய்யாயிற்று.

ஏப்ரல் முதற்கிழமை. பனி கரைந்திருந்தது, புல் முளைக்கவில்லை. எஞ்சியது சேறு. பேருந்து எங்களை இறக்கிவிட்ட இடத்திலேயே என் வலது சப்பாத்து சேற்றில் தங்கிவிட, கால் மட்டும் தனியே மேலே வந்தது. வெதுப்பகம் பூட்டியிருந்தது. மருந்தகம் பூட்டியிருந்தது. மலையேற்றும் கம்பிவட வண்டியின் வாயிலில், ஜூன் மாதத்தில் சந்திப்போம் என்று ஓர் அட்டை தொங்கியது. வீட்டைப் படம் பிடித்துப் போட்டவர்கள் இவற்றுள் ஒன்றையேனும் படத்தில் காட்டியிருக்கலாம்.

வீட்டுக்காரர் பெர்னார் திறப்பைத் தந்துவிட்டு, இந்தக் காலத்தில் இங்கே எவரும் வருவதில்லை என்றார். காகங்கள் எங்கே என்று கேட்டேன். இந்தச் சரிவில் அவை இறங்குவதில்லை என்றார். ஏன் என்பதைச் சொல்லும் மரியாதை அவருக்கு இருக்கவில்லை.

முதல் நாள் நண்பகல். மூடுபனி குசினி யன்னல்வரை வந்து நின்றது. கோசலை பின்மதிலில் ஒரு பிடி சோற்றை வைத்து, “கா... கா...” என்று இரண்டு மணிநேரம் கூப்பிட்டாள். அவளுடைய குரலைப் பனி விழுங்கிக்கொண்டது. ஓர் இறகுகூட அசையவில்லை.

“நாளைக்கு வரும். நீர் சாப்பிடும்,” என்றேன்.

“நீங்கள் சாப்பிடுங்கோ. எனக்கு வேண்டாம்.”

இரண்டாம் நாள் என் பொறுமை போய்விட்டது. ஆசிரியனாக முப்பத்தாறு ஆண்டுகள், பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பு வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியவன் நான். அன்று, அவள் உள்ளே போன சமயம் பார்த்து, மதிலில் இருந்த சோற்றை வழித்தெடுத்துக் கீழே பைன் காட்டுப் பக்கமாக எறிந்தேன்.

“காகம் எடுத்திட்டுது!” என்று கத்தினேன்.

“உண்மையாவே?”

“கண்ணாலை கண்டனான். ரெண்டு காகம்!”

அவள் சாப்பிட்டாள். பருப்பும் கத்தரிக்காயுமாக ஒரு தட்டுச் சோற்றை முடித்து, விரலையும் சூப்பினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது.

மூன்றாம் நாளும் எறிந்தேன். இம்முறை கீழே, பனிக்குள், ஓர் ஒலி கேட்டது.

சளக்.

சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கும் ஒலி. அந்த ஒலியை அதற்குள் நான் நன்கு பழகியிருந்தேன்.

சளக்.

“பெர்னார்?” என்றேன்.

ஒலி நின்றது. நனைந்த கம்பளியும் கிண்டிய மண்ணும் கலந்த நாற்றம் ஒன்று சரிவில் ஏறி வந்தது.

மறுநாட் காலை கீழே இறங்கிப் பார்த்தேன். எறிந்த சோற்றில் ஒரு பருக்கையும் இல்லை. பைன் மரங்களுக்கிடையிலிருந்து வெறுங்காலடிகள் வந்திருந்தன. பெரிய பாதங்கள், விரல்கள் அகன்று பதிந்திருந்தன. சோறு விழுந்த இடம்வரை அவை வந்திருந்தன.

திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை.

அந்த வழியாக உழவு இயந்திரத்தில் வந்த பெர்னார், நான் நின்ற இடத்தைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார். இங்கே உணவு போட்டீர்களா என்று கேட்டார். பறவைகளுக்காக என்றேன். இனிப் போடவேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்டபோது இயந்திரத்தை மீண்டும் முடுக்கிவிட்டார். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத மனிதரைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

அன்று நான் எறியவில்லை. சோறு மதிலிலேயே இருந்தது. காகம் வந்துவிட்டது என்று சொல்லக் குசினிப் பக்கம் திரும்பினேன். ஒரு சொல் வாயில் வருமுன் மீண்டும் மதிலைப் பார்த்தேன்.

சோறு இல்லை.

அது இருந்த கல்லில், நான்கு விரல்களால் வழித்தெடுத்த ஈரத்தடம் இருந்தது.

உள்ளே கோசலை தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாட் காலை, அந்தக் காலடி எங்கள் வாசற்படியில் இருந்தது. ஒன்றே ஒன்று. விரல்கள் கதவை நோக்கியிருந்தன. நான் உடனே அடிவாரத்திலிருந்து ஒரு டாக்சியை அழைத்தேன்.

“இப்பதானே வாய்க்கு ருசி வந்தது. ஏன் இந்த அவதி?” என்று கோசலை முணுமுணுத்தாள். ஆனாலும் பெட்டியை அடுக்கினாள். தொடர்வண்டியில் பாரிஸ்வரை நன்றாக உறங்கினாள்.

மறுநாள் நண்பகல், லா சப்பல். கீழே தெருவில் வழமைபோலப் பேருந்துகள் ஒலியெழுப்பின. கோசலை யன்னலைத் திறக்கவில்லை. விளிம்பில் சோறும் வைக்கவில்லை. மேசையில் மூன்று தட்டுகளை வைத்துப் பரிமாறினாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“கோசலை, அங்கை ஒரு காகமும் வரேல்லை. நான்தான் சோத்தை எடுத்து எறிஞ்சனான்.”

“தெரியும்,” என்றாள். “குசினி யன்னலாலை பாத்துக்கொண்டுதானே நிண்டனான். ரெண்டு காகமாம்! சட்டம்பியாருக்கு ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது.”

“பிறகேன் சாப்பிட்டனீர்?”

“நீங்கள் எறிஞ்சதை அவர் குனிஞ்சு பொறுக்கிச் சாப்பிட்டவர். ஒரு பருக்கை விடேல்லை. அதைப் பாத்தாப்பிறகு எனக்கும் பசிச்சுது.”

“ஆர்? தம்பியே?”

“தம்பி வரேல்லை. இனி வரவும் மாட்டான்.” அவள் அழவில்லை, சோற்றைப் பிசைந்தாள். “இவர் ஆரோ பாவம். கனகாலமா ஒருத்தரும் சாப்பிடக் கூப்பிடேல்லையாம்.”

“கூப்பிடேல்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

அவள் இன்னொரு பிடி எடுத்தாள். வாய் நிறையச் சோறு இருந்தது. கன்னத்தில் மீண்டும் சதை பிடித்திருந்தது. எழுந்து கதவைத் திறந்து, மூன்றாம் தட்டின் பக்கம் பார்த்து வெளியே போ என்று கத்துவதற்கு எனக்குத் தொண்டை இருந்தது. கத்தினால் அவள் தட்டைத் தள்ளிவைப்பாள்; மீண்டும் தேநீரும் விசுக்கோத்தும் தொடங்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இஞ்சேருங்கோ, கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ,” என்றாள். “அவருக்குக் கை இடிக்குது.”

நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.

யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. அறையில் காற்று இல்லை. இருந்தும் மூன்றாம் தட்டுச் சோற்றிலிருந்து எழுந்த ஆவி மேலே போகவில்லை. அது வெறும் நாற்காலியின் பக்கமாகச் சாய்ந்து, ஒரு மனிதனின் வாய் இருக்கவேண்டிய உயரத்தில், விட்டு விட்டு மறைந்துகொண்டிருந்தது.